மூல நட்சத்திரத்துச் செவலை

குற்றாலிங்கத்தின் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிரதேசம் உண்டு. ஏழாவது வயதில் அம்மா அவனைக் குளிப்பாட்டிவிடுவதை நிறுத்திய நாளிலிருந்து, அதாவது நாற்பது ஆண்டுகளாக, அங்கே மனிதக் கை பட்டதில்லை. அவன் கைக்கும் எட்டாது. அரிப்பெடுத்தால் கதவு நிலையில் சாய்ந்து தேய்த்துக்கொள்வான். இதில் வரலாற்றுச் சிறப்பு என்னவென்றால், ஊரார் முதுகு தேய்ப்பதுதான் அவன் தொழில்.

குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்கிறவர்களில் அவனும் ஒருவன். சீசன் நாளில் முப்பது முதுகு தாண்டும். மதுரை முதுகு, சிவகாசி முதுகு, திருவனந்தபுரத்து முதுகு என்று அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இந்த ஆள் ஆபீசில் திட்டுகிறவரா, திட்டு வாங்குகிறவரா என்பதைக் கழுத்துக்குக் கீழே நாலு விரல் வைத்ததும் சொல்லிவிடுவான். தேய்த்து முடிந்ததும் அவர்கள் அருவிக்குள் போய்விடுவார்கள். எண்ணெயோடு அவனையும் கழுவிவிட்டு ஊருக்கு வேன் ஏறிவிடுவார்கள். இது குற்றமில்லை. முதுகு தேய்த்தவனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்கள் அவனுடைய அக்காள் புருஷன் வேல்ராஜிடம்தான் கேட்க வேண்டும். வேல்ராஜ் சுரண்டைக்காரர். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற தகவல் அவருக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. குற்றாலிங்கத்துக்காகப் பதினோரு வீட்டில் பெண் பார்த்தவர் அவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், "டூரிசம் லைன்ல இருக்காப்ல" என்பார். பத்து வீட்டுக்காரர்கள் குற்றாலம் வந்து விசாரித்தார்கள். அதில் மூன்று பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டும் போனார்கள். "கை நல்ல கை. ஆனா பொண்ணு குடுக்க முடியாது" என்று ஒருவர் குப்புறப் படுத்தபடியே முடிவைச் சொன்னார்.

அந்தப் பத்தில் சேராதது ஏழாவதாகப் பார்த்த வீடு, தொழில் என்னவென்று தெரிந்தே வரச் சொன்ன வீடு. வீரகேரளம்புதூர். பெண் பெயர் இசக்கிச்செல்வி. காப்பித் தட்டை நீட்டும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். போய்க் கதவோரம் நின்றுகொண்டு, பொதுவில் யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள்.

"தலைவலிக்குத் தேச்சா நெசமாவே போயிருமா?"

கூடமே சிரித்தது. குற்றாலிங்கம் மட்டும், "போயிரும்" என்றான். நாற்பத்தேழு வருட வாழ்க்கையில் தன்னைப் பற்றி ஒரு பெண்ணோடு அவன் பேசிய மிக நீண்ட உரையாடல் இதுதான். கூடவே "எனக்குப் புடிச்சிருக்கு" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வாய் திறப்பது முறையல்ல. முறைப்படி வேல்ராஜ் எழுந்து, துண்டை உதறி, "ஊருக்குப் போயித் தகவல் சொல்லி விடுதோம்" என்றார். அந்த வாக்கியத்துக்கு அகராதியில் என்ன பொருளோ, தென்காசி வட்டாரத்தில் ஒரே பொருள்தான். தகவல் வராது.

"பொண்ணு மூல நட்சத்திரம்லா மாப்ளே" என்றார் வேல்ராஜ், திரும்பி வரும் பஸ்ஸில். "பெண் மூலம் நிர்மூலம். மாமனாருக்கு ஆகாது. ஒங்க அய்யாவுக்கு எதும் ஆச்சுன்னா ஒங்க அக்காளுக்கு யாரு பதில் சொல்லுதது?"

ஆறு மாதத்தில், எந்த மருமகளின் உதவியும் இல்லாமல், அய்யா தானாகவே செத்துப்போனார். அதற்குள் இசக்கிச்செல்வியைத் திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். துட்டி வீட்டில் வேல்ராஜ் அவன் தோளைத் தட்டிச் சொன்னார். "நட்சத்திரம் பாத்ததுனாலதாம்லே ஆறு மாசமாவது தாங்குச்சு."

இதெல்லாம் நடந்து பதினேழு வருடம் ஆகிவிட்டது.

இந்த ஆடியில் தென்காசி பஸ் ஸ்டாண்டுத் தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. செங்கோட்டை ரோட்டில், இலஞ்சி தாண்டி, பழைய அரிசி மில்லில் ஒரு நாய்க் காப்பகம் இருக்கிறதாம். விட்டுவிட்டுப் போன நாய்களை எடுத்து வளர்க்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் ஒன்றைக் கூட்டிப்போகலாம். ஒரே ஒரு நிபந்தனை. 'வாசலில் கட்டிப்போட அல்ல. வீட்டுக்குள் உங்களோடு வாழ.' அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளுக்கு முன்னால் குற்றாலிங்கம் இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டான்.

மேலகரத்தில் அவனுக்கு ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீடு. கதவைத் திறந்தால் காலையில் அவன் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். பதினேழு வருடமாக அந்த வீட்டில் ஒரு பொருளும் தானாக இடம் மாறியதில்லை. யாராவது ஒருவர் அந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. பெரிய ஆசையென்று சொல்ல முடியாது. ஆனால் அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறான்.

மலையில் நல்ல மழை பெய்து, அருவி அடிவாரத்துப் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்து, குளிக்கத் தடை போட்ட ஒரு புதன்கிழமை அவன் காப்பகத்துக்குக் கிளம்பினான். தனியாகப் போயிருக்கலாம். ஆனால் அவனைப் போன்ற ஆளுக்கு ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்றால் ஒரே ஒரு வழிதான் தெரியும். சுரண்டைக்குப் போன் போட்டான்.

"வீட்டுக்குள்ள நாயா? அப்பம் வெளிய யாருலே இருப்பா?" என்று கேட்டார் வேல்ராஜ். இருந்தாலும் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம், கால் கிலோ மிக்சர். வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாதாம். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்கும், அதற்குள் பார்த்துவிட வேண்டுமாம்.

காப்பகத்தை நடத்துகிறவர் யோகலட்சுமி. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர், தனி மனுஷி. ஏதாவது ஒரு நாய் வந்து சேர்ந்தால், அன்றைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதில் என்ன நட்சத்திரம் போட்டிருக்கிறதோ அதையே பெயராக வைத்துவிடுவார். பரணி, மகம், ரோகிணி, கேட்டை, இரண்டாவது ரோகிணி என்று நாற்பது நாய்கள் அந்த மில்லுக்குள் வான மண்டலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவருடைய நட்சத்திரம் என்ன என்று இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய வயதில் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள்.

பழச் சீப்பை அவர் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். 'வீட்டில் எத்தனை பேர்?' குற்றாலிங்கம் 'நான்' என்று எழுதினான். 'ஒரு நாளில் எவ்வளவு நேரம் தனியாக இருக்க நேரிடும்?' அவன் பேனாவை மூடிவிட்டு அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை அக்கறையாக யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"நாயைக் கேட்டிருக்கு" என்றார் யோகலட்சுமி.

"ஓ" என்றான் அவன்.

நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். வேல்ராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வரச் சொல்லி, பல் பார்த்தார், நடை பார்த்தார். பரணிக்குப் பார்வை சரியில்லை. மகம் கொஞ்சம் திமிர். கேட்டை குடும்பத்தில் மூத்தவருக்கு ஆகாது. இந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோது குற்றாலிங்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் எதையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அப்போது பின்பக்கமிருந்து ஒன்று வந்தது. செம்மண் நிறத்தில் ஒரு செவலைப் பெட்டை. ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். அது அவனை மோந்து பார்க்கவில்லை, வாலாட்டவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது. அப்படியே பின்னுக்குச் சாய்ந்து தன் முதுகை அவன் முதுகோடு ஒட்டி வைத்தது. அந்த உள்ளங்கை அகலப் பிரதேசத்தில் ஒரு கதகதப்பு ஏறியது. நாற்பது வருடத் தரிசு. குற்றாலிங்கம் மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

"மூலம் புடிச்சிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார் யோகலட்சுமி.

"அவனுக்கு அப்படி ஒரு வியாதியும் கெடையாதும்மா" என்றார் வேல்ராஜ் அவசரமாக. "உடம்பு நல்ல உடம்பு."

"நாய் பேரு மூலம்."

சோற்று அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். காப்பகத்தின் சமையல் அவள்தான். "நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. மூலம்னு பேரு வச்சா எவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவான்? ஆசுபத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவான். ஒரு வருசமா வாரவுகல்லாம் பேரைக் கேட்டதும் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதாவ. பேரை மாத்துங்க டீச்சர்னா கேக்க மாட்டேங்காவ."

"அது என்ன குத்தம் பண்ணுச்சு, பேரை மாத்த?" என்றார் யோகலட்சுமி. குரல் கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிட்டது.

வேல்ராஜின் முகத்தில் ஓடிய கணக்கைக் குற்றாலிங்கத்தால் பார்க்க முடியவில்லை. திரும்பினால் செவலை எழுந்துவிடுமே. எனவே அவன் அசையாமல் உட்கார்ந்திருக்க, வேல்ராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார். துண்டை உதறினார்.

"சரிம்மா. ஊருக்குப் போயித் தகவல் சொல்லி விடுதோம்."

யோகலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தார். படிவத்தை வாங்கி, மடித்து, மேசையின் கீழறையில் போட்டார். அந்த வாக்கியத்துக்கு அவருக்கு உரை தேவைப்படவில்லை.

பஸ்ஸில் வேல்ராஜ் ஆரம்பித்தார். "மூலம்லா மாப்ளே. மாமனாருக்கு ஆகாது."

"இதுல மாமனாரு யாரு அத்தான்?"

வேல்ராஜ் இலஞ்சி வரைக்கும் யோசித்தார். ஏட்டாக இருந்த காலத்தில் இதைவிடச் சிக்கலான வழக்குகளை முடித்தவர். "ஒங்க அய்யா போயிட்டாவ. அப்பம் அந்த ஸ்தானத்துல இப்பம் யாரு?"

"யாரு?"

"நாந்தானேலே!" என்றார் வேல்ராஜ். நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஏற்கெனவே எனக்குப் பிரஷர் இருக்கு."

குற்றாலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சட்டையின் பின்பக்கம் செவலை முடி நாலைந்து ஒட்டியிருந்தது அவனுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தான். அந்தச் சட்டை சோப்புத் தண்ணீருக்குப் போகவில்லை. ஆணியில் தொங்கியது.

வியாழக்கிழமை தடை நீங்கிவிட்டது. முதுகுகள் வந்தன. கை தன்பாட்டுக்குத் தேய்த்தது. மனசு மட்டும் அரிசி மில்லில் தரையில் உட்கார்ந்திருந்தது. ராஜபாளையத்து ஆள் ஒருவர், "என்னப்பா, தடவிக் குடுக்க? அழுத்தித் தேயி" என்றார். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவரிடம் அவன் நட்சத்திரம் கேட்டுவிட்டான். "எண்ணெய் தேய்க்கதுக்கு அதும் பாக்கணுமா?" என்று அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவன் பலமுறை காப்பகத்துக்குப் போன் போட நினைத்தான். கை வழவழவென்றிருந்ததால் போன் திறக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டான். துடைத்துக்கொள்ளத் துண்டு தோளிலேயே கிடந்தது.

சனிக்கிழமை மதியம் போன் தானாகவே அடித்தது. முப்பிடாதியம்மாள்.

"அண்ணாச்சி, மிக்சர் கொண்டாந்தீகளே, அவுகதானே? டீச்சருக்குத் தெரியாமப் பேசுதேன். பெங்களூருக்காரவுக ரெண்டு பேரு போட்டோவுல பாத்துட்டு, நாளைக்குக் காலையில வந்து செவலையக் கூட்டிட்டுப் போறோம்னு கேட்டிருக்காவ. மூலம்னா அவுகளுக்கு அர்த்தம் தெரியாதாம். நல்ல பேரா இருக்குங்காவளாம். ஒங்க மொகத்தப் பாத்தேன் அன்னைக்கு. அதான் சொல்லுதேன். வைக்கட்டா?"

அப்போது அவன் கைக்குக் கீழே திருச்சியிலிருந்து வந்த ஒரு அதிகாரி பாதி தேய்த்த நிலையில் படுத்திருந்தார். வலது பாதி மினுங்கியது. இடது பாதி காய்ந்து கிடந்தது. தொழிலுக்கு வந்த இருபத்தைந்து வருடத்தில் குற்றாலிங்கம் ஒரு முதுகையும் பாதியில் விட்டதில்லை. அதிகாரி கண்ணைத் திறந்தபோது அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றான்.

பஸ்ஸில் கண்டக்டர், "சீட்டுல உக்காந்துராதீரும்வே, எண்ணெ!" என்றார். கம்பியைப் பிடித்தால் கை வழுக்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொருவர் மேல் போய் விழுந்து, ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக ஏச்சு வாங்கிக்கொண்டு காப்பகத்தில் போய் இறங்கினான். நல்லெண்ணெய் வாசனைக்கு வான மண்டலம் முழுவதும் அவன் மேல் பாய்ந்தது. பரணி முழங்காலை நக்கியது. இரண்டு ரோகிணிகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்தன. செவலை மட்டும் வரவில்லை. மூலையில் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது.

யோகலட்சுமி மூக்குக் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். "தகவல் சொல்லி விடுதோம்னுட்டுப் போனீங்களே. யாரும் வரலையே."

"அது அத்தான் சொன்னாவ."

"அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"தெரியும் டீச்சர். எனக்கும் தெரியும்." நாய்கள் கையை விடவில்லை. "நான் சொல்லலியே டீச்சர். அன்னைக்கும் நான் சொல்லல. எந்த வீட்டுலயும் நான் சொன்னதில்ல. கேட்டாத்தானே சொல்லுததுக்கு?" மூச்சு வாங்கியது. பிறகு, மில்லின் தகரக் கூரை அதிர, சோற்று அண்டா வரைக்கும் கேட்கும்படி கத்தினான். "எனக்குப் புடிச்சிருக்கு!"

நாற்பது நாய்களும் ஒரு கணம் குரைப்பதை நிறுத்தின. முப்பிடாதியம்மாள் அண்டாவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

யோகலட்சுமி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அதில் அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. "பெங்களூருக்காரங்ககிட்ட நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றார். "இன்னொரு புள்ளைய அவங்களுக்குக் காட்டிக்கிடுதேன்." கீழறையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்து நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க. எண்ணெ படாம."

எண்ணெய் படாமல் போட முடியவில்லை. அந்தப் படிவத்தில் குற்றாலிங்கத்தின் கையெழுத்தும், பெருவிரல் ரேகையும், உள்ளங்கையில் ஒரு பாதியும் இன்றும் பதிவாகியிருக்கின்றன.

கயிற்றைக் கையில் கொடுக்கும்போது முப்பிடாதியம்மாள் ஒரு விஷயம் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு அண்ணாச்சி. போன ஆடியில ஐந்தருவி கார் நிக்குத எடத்துல ஒரு வெள்ள வேனுக்காரவுக இதை எறக்கி விட்டுட்டுப் போயிட்டாவ. வேன் நின்ன எடத்துலயே பன்னெண்டு நாளு கெடந்திருக்கு. இப்பமும் வேன் சத்தம் கேட்டா எந்திச்சிரும். மனசுல வச்சுக்கிடாதீக."

இலஞ்சி வழியாக, சாரலில் நனைந்துகொண்டு, இருவரும் நடந்தே மேலகரம் வந்தார்கள். வேல்ராஜுக்குப் போனில் செய்தி போனது. அவர் அன்று மாலையே பிரஷர் பார்த்துக்கொண்டார். வழக்கத்தைவிட நன்றாக இருந்ததாம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஒன்பது நாளாகிறது. செவலை வீட்டுக்குள்தான் இருக்கிறாள். கட்டில் காலை மோந்து பார்த்தாள், சமையல்கட்டைச் சுற்றி வந்தாள், முதல் நாளே டம்ளரைத் தட்டிவிட்டாள். உருண்டு போய் அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. எடுக்க மனம் வராமல் அவன் வேறு டம்ளரில் குடிக்கிறான். ராத்திரிச் சோற்றில் பாதியைத் தின்கிறாள். ஆனால் படுப்பது வாசற்படிக்கு உள்பக்கம், கதவைப் பார்த்துத்தான். முதுகைக் கொண்டுவந்து அவனிடம் சாய்க்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

மேலகரத்து ரோட்டில் அவன் வீட்டுக்கு எதிரே ஒரு வேகத்தடை இருக்கிறது. சீசனுக்குக் குற்றாலம் போகிற வண்டியெல்லாம் அங்கே மூச்சு வாங்கித்தான் ஏறி இறங்கும். வேன் சத்தம் கேட்டதும் செவலை எழுந்து நிற்பாள். மடங்குகிற காதும் நிமிரும். வால் ஒரு தரம், இன்னொரு தரம், சந்தேகமாக அசையும். ஆரம்பத்தில் குற்றாலிங்கம் கதவைச் சாத்திப் பார்த்தான். அவள் கதவிடுக்கில் மூக்கை வைத்து நின்றாள். அந்த நிற்பை அவனால் பார்க்க முடியவில்லை. திறந்துவிட்டான், சாரலுக்கு மறைப்பாக வாசலில் ஒரு திரை மட்டும் தொங்கவிட்டான்.

"இது இல்லட்டி. இது கேரளா வண்டி."

அவள் படுத்துக்கொள்வாள். அடுத்த வேன்.

"இது நம்ம சங்கரங்கோயில் வண்டி. நீலம்லா."

அருவியில் கூட்டம் நெரிகிறது. ஆனால் அவன் மதியத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறான். அந்த வெள்ளை வேன் நிஜமாகவே வந்து, ஆட்கள் இறங்கி, எங்கள் நாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறான். முடியாது என்று தனியாக, சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். சொல்ல வந்தது. பதினேழு வருடத்துக்கு முன்பே இப்படி வந்திருக்கலாம். ஆனால் சொல்லி முடித்ததும் அந்த வாலைப் பார்ப்பான். அவர்கள் வரவே கூடாது என்று முருகனுக்கு நேர்ந்துகொள்வான். அடுத்த நிமிடம், பாவம், அவளுக்காக ஒரே ஒரு தரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால்தான் என்ன என்று அதே முருகனிடம் கேட்பான். இரண்டு மனுவும் ஒரே ஆளிடமிருந்து போவதால் மேலிடத்தில் குழப்பம் போலிருக்கிறது. இதுவரை பதில் இல்லை.

சாயங்காலம், சாரல் விட்ட நேரம், ஒரு வேன் வேகத்தடைக்கு முன்னால் வேகம் குறைத்தது. வெள்ளை வேன். செவலை எழுந்தாள். குற்றாலிங்கமும் எழுந்தான். அவளுக்குத் தெரியும்படி வாசல் திரையை முழுக்க விலக்கி, உயரப் பிடித்துக்கொண்டு நின்றான்.